வேப் கருவியை வீட்டிலேயே செய்யலாமா, டாக்டர்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரிலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

படிவம் ஐந்து முடித்துத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்கம்பி இணைப்பு படித்தவர். இப்போது மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறார். 16 வயதில் சிகரெட் பழகி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேப் எனும் மின்சிகரெட்டுக்கு மாறியிருக்கிறார். 90 வெள்ளி கொடுத்து வாங்கிய கருவி மூன்று வாரத்தில் கெட்டுப்போக, கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். "இதற்குள் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், ஒரு பொத்தான், கொஞ்சம் பஞ்சு. 12 வெள்ளியில் நானே செய்துவிடுவேன்" என்று எழுதுகிறார். பழைய மடிக்கணினியின் பேட்டரிப் பெட்டியைப் பிரித்து ஆறு பேட்டரிகளை எடுத்து மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்பு உறை பேட்டரிகள் இரண்டும் அதில் கிடக்கின்றன. முடி உலர்த்தும் கருவியிலிருந்து எடுத்த கம்பி, வாசல் அழைப்பு மணியின் பொத்தான், இரு பக்கமும் மூடி போட்ட பிவிசி குழாய் ஆகியவை மற்ற பாகங்கள். நீராவிக்கான திரவத்தையும் தாமே கலக்கப் போகிறார். அதற்கு மருந்துக்கடைக் கிளிசரின், கேக் செய்பவர்கள் வாங்கும் எசன்ஸ், நண்பர் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொன்ன அடர்த்தியான நிக்கோட்டின். வீட்டில் இழுப்பு நோயுள்ள அம்மா, 16 வயதுத் தம்பி, அக்காளின் இரண்டு வயது மகள் இருக்கிறார்கள். தம்பியும் கூட உட்கார்ந்து செய்ய ஆசைப்படுகிறான். நன்றாக அமைந்தால் நண்பர்களுக்கு 40 வெள்ளிக்கு விற்கும் எண்ணமும் உண்டு.

அவர் கேட்பவை மூன்று. 3.7 வோல்ட் பேட்டரியால் என்ன ஆபத்து வந்துவிடும்? சொந்த உபயோகத்துக்குச் செய்தால் சட்டம் கேட்குமா? சிகரெட்டை விட இது எவ்வளவோ மேல்தானே? கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இன்னொரு வரியும் இருந்தது: "காலையில் கண் விழித்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது, டாக்டர். வேப் இல்லையென்றால் அப்பாவின் சிகரெட்டை எடுத்துவிடுகிறேன்."

அன்புள்ள தம்பி,

புண்ணான பிறகு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் முதல் இணைப்பைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பதிலை மறைத்து வைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவியைச் செய்யாதீர்கள். காரணத்தை நீங்கள் படித்த பாடத்தைக் கொண்டே விளக்குவதுதான் உங்களுக்குச் செய்யும் மரியாதை. மின்சாரம் என் துறை இல்லை என்பதால், பெயரையும் ஊரையும் மறைத்து உங்கள் வரைபடத்தை எங்கள் ஊர்ச் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருக்கும் நண்பரிடம் காட்டிக் கேட்டேன். பேட்டரி பற்றி இனி வருவதில் பாதி அவர் சொன்னது.

உங்கள் 0.5 ஓம்

3.7 வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது. அதில் நீங்கள் சொல்வது சரி. நீங்கள் போட்ட கணக்கும் பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 18650 வகை உருளைப் பேட்டரி 4.2 வோல்ட், அதைச் சுருளின் மின்தடையான 0.5 ஓமால் வகுத்தால் 8.4 ஆம்பியர், சிவப்பு உறையில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது, ஆகவே பயமில்லை என்று முடித்திருக்கிறீர்கள். நண்பர் இந்த இடத்தைப் படித்ததும் எழுந்து போய்த் தம் மல்டிமீட்டரைக் கொண்டுவந்தார். சிவப்புக் கம்பியின் முனையையும் கறுப்புக் கம்பியின் முனையையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துத் திரையை என் பக்கம் திருப்பினார். நடுவில் எந்தப் பொருளும் இல்லை. ஆனாலும் திரையில் 0.3 ஓம் நின்றது. அது அந்தக் கம்பிகளின் சொந்த மின்தடை. சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு ஓர் ஓமுக்குக் கீழே அளப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். உங்கள் கருவியும் அப்படியே இருந்தால் உங்கள் சுருள் 0.2 ஓம்தான்; மின்னோட்டம் 21 ஆம்பியர். பழைய மடிக்கணினிப் பேட்டரிகள் தொடர்ந்து 5 ஆம்பியர் அளவுக்குத் தருவதற்காகச் செய்யப்பட்டவை. அதுவும் கணினிக்குள் இருந்தபோது வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் கண்காணித்து வெட்டிவிடும் ஒரு சிறு மின்பலகை உடன் இருந்தது. பெட்டியைப் பிரித்தபோது அந்தக் காவலைத்தான் நீங்கள் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

சிவப்பு உறை பேட்டரிகளைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். அவற்றின் மேல் 9,800 மில்லியாம்பியர் மணி என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய நிறுவனங்கள் செய்யும் 18650 பேட்டரிகளில் நல்லவையே 3,500 சொச்சத்தோடு நின்றுவிடுகின்றன. கொள்ளளவில் அப்படிப் பொய் சொல்லும் உறை, ஆம்பியரில் மட்டும் உண்மை சொல்லும் என்று நம்ப இடமில்லை.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 2,600 மில்லியாம்பியர் மணிப் பேட்டரி ஒன்றில் அடைந்திருக்கும் மின்னாற்றல், சுமார் 100 மில்லிலிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு டார்ச் லைட்டில் அது மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. மிதமிஞ்சிய மின்னோட்டத்தால் பேட்டரி சூடேறி 130 டிகிரியை எட்டும்போது, நேர், எதிர்த் தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உருகத் தொடங்கும். தகடுகள் உள்ளேயே தொட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் சூடு சூட்டையே பெருக்கிக்கொண்டு போகும். உள்ளிருக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைப் பேட்டரியின் தகடே விடுவிப்பதால், சாக்கைப் போட்டு மூடினாலும் அணையாது.

உங்கள் மைலோ டின்னைப் பற்றி எனக்கு உடனடிக் கவலை இருக்கிறது. பேட்டரி ஒன்றைக் கையில் எடுத்து மேல்முனையைப் பாருங்கள். நடுவில் சிறு குமிழ். அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகித வளையம். அதைத் தாண்டி உறையின் விளிம்பு. குமிழ் மட்டுமே நேர்முனை. உறைக்குள் இருக்கும் உலோகக் குடுவை முழுவதும், மேல் விளிம்பு உட்பட, எதிர்முனை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் காகிதமும் தாளைப் போன்ற பிளாஸ்டிக்கும்தான். பெட்டியைப் பிரிக்கும்போது பற்றவைத்த தகட்டை இடுக்கியால் பிய்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் உறை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். தகர டின் அந்த இரு முனைகளுக்கும் பாலம் போட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, தோட்டத்து லயத்திலிருந்து உங்கள் வயதுள்ள ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்சட்டைப் பையில் மோட்டார் சாவிக் கொத்தோடு ஒரு மாற்று வேப் பேட்டரியும் இருந்திருக்கிறது. வலது தொடையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. பையின் உள்துணி கறுத்துச் சதையோடு ஒட்டிக்கிடந்தது. துணியைப் பிரித்தபோது சாவி ஒன்றின் பல் வடிவம் தொடையில் அச்சாகப் பதிந்திருந்ததை நான் மறக்கவில்லை. இத்தகைய புண்கள் தீப்புண் மட்டுமல்ல. பேட்டரியிலிருந்து தெறிக்கும் இரசாயனங்களும் சதையை அரிப்பதால், முதலில் சிறிதாகத் தெரிவது ஆழமாகிவிடும். அவருக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்பட்டது. இது ஒரு தனி மனிதரின் துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை தொகுத்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களில் 61, கருவியோ மாற்றுப் பேட்டரியோ பைக்குள் இருந்தபோது நடந்தவை.

குழாயும் பொத்தானும்

அழைப்பு மணிப் பொத்தான் மிகச் சிறிய மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது. 20 ஆம்பியர் பாய்ந்தால் உள்ளிருக்கும் தொடுதகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு நீங்கள் விரலை எடுத்தாலும் கருவி நிற்காது. மூடி போட்ட குழாயை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. தொழிற்சாலைப் பேட்டரிகளில் அழுத்தம் மிகும்போது வாயுவை வெளிவிடும் திறப்பு உண்டு. அந்த வாயுவுக்குக் குழாயில் வழி இல்லாவிட்டால் குழாய்தான் உடைய வேண்டும். பண்டிகைக் காலத்தில் மூங்கில் பீரங்கி விட்டுக் கைவிரலை இழந்தவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அது கையளவு தூரத்தில் வெடிப்பது. இது உதட்டில் வைத்திருக்கும்போது வெடிப்பது. 2018 மே மாதம் புளோரிடாவில் 38 வயது மனிதர் ஒருவர், கருவியின் சிதறல் தலைக்குள் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர், சிதறல் கழுத்தின் இரத்தக்குழாயைக் கிழித்ததால் இறந்தார். அவை கடையில் விற்ற கருவிகள். உங்களுடையதில் அந்த அளவு வேலைப்பாடுகூட இருக்காது.

சுருளை ஈயப்பற்று வைத்து இணைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் பயன்படுத்தும் சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியில் உருகிவிடும். வேப் சுருள் அதற்கு மேலான சூட்டில் வேலை செய்வது. ஈயத்தைப் பக்கத்தில் உருக்கி வைத்துக்கொண்டு அந்தக் காற்றை நுரையீரலுக்குள் இழுப்பதாகத்தான் அது முடியும்.

நாக்குக்கு நல்லது, நுரையீரலுக்கு?

கேக்கில் போடும் எசன்ஸ் சாப்பிடத் தகுந்ததுதானே என்கிறீர்கள். வயிற்றுக்கு எண்ணெயைச் செரிக்கத் தெரியும். நுரையீரலின் காற்றறைகளுக்குத் தெரியாது. எண்ணெய் கலந்த எசன்ஸ் அங்கே படிந்தால் ஒருவகை நிமோனியாவே வரும். 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களிடையே பரவிய நுரையீரல் பாதிப்பு இதற்குப் பெரிய பாடம். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த, முறையற்ற வழியில் வாங்கிய திரவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டே முதன்மைக் காரணம் என்று கண்டறியப்பட்டது. முகத்தில் பூசும் களிம்பிலும் சத்து மாத்திரையிலும் இருக்கும் அதே பொருள்தான்.

நிக்கோட்டினை அரசாங்கமே நச்சுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2023 மார்ச் 31 அன்று, வேப்புக்கான நிக்கோட்டின் திரவத்துக்கு 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது உண்மை. மாறியது பட்டியல்தான், பொருள் மாறவில்லை. புகையிலைக் கஷாயம் தெளித்துப் பூச்சி கொன்ற கதையை உங்கள் பாட்டியிடம் கேட்டால் சொல்வார். அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர் என்கிறீர்கள். தோல் வழியாகவே நஞ்சு ஏறும் என்பதை அவர் கையுறை போட்டுக் கற்றிருப்பார். நண்பர் தருவதாகச் சொல்லும் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், ஒரு தேக்கரண்டியில் 500 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். எசன்ஸின் பழ வாசனையும் சேர்ந்த ஒரு சின்னப் புட்டி இரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் வீட்டில் இருப்பதை என்னால் அமைதியாக எண்ணிப் பார்க்க முடியவில்லை. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று இப்படித்தான் இறந்தது.

சட்டம் என்ன சொல்கிறது

2024 அக்டோபர் 1 முதல் பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, நடப்பில் இருக்கிறது. சிகரெட்டோடு வேப் கருவியும் திரவமும் அதற்குள் அடங்கும். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதும் குற்றம். அவர்கள் புகைப்பதும் வேப் இழுப்பதும் குற்றம். ஆகவே உங்கள் தம்பியை இந்த வேலையில் சேர்ப்பதும், 'ஒரு இழுப்பு பார்' என்று அவன் கையில் கொடுப்பதும் அறவே கூடாது. இணையம் வழியாக விற்பதற்கும் அச்சட்டம் தடை விதிக்கிறது. விற்பனைக்கு வரும் கருவிக்குச் சிரிம் எனும் தரநிர்ணய நிறுவனத்தின் சான்றும் முத்திரையும் 2022 முதல் கட்டாயம். ஜொகூரில் 2016 முதலே வேப் விற்கும் கடைகளுக்கு உரிமம் இல்லை. திரங்கானு 2025 ஆகஸ்டிலிருந்து விற்பனையைத் தடை செய்திருக்கிறது.

சொந்த உபயோகம் என்ற பேச்சு, முதல் நண்பரிடம் 40 வெள்ளி வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் உற்பத்தியாளர். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதைச் செய்தவர் இழப்பீடு கொடுக்கப் பொறுப்பாவார். நண்பன்தானே, வழக்குப் போட மாட்டான் என்று நினைக்கலாம். தாடை உடைந்தவனின் பெற்றோர் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அதே சட்டம் உங்களுக்கும் உதவும். மூன்று வாரத்தில் கெட்டுப்போன 90 வெள்ளிக் கருவிக்காகப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுக் கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

அந்த ஐந்து நிமிடம்

நான்கு பக்கங்களில் என்னை நிறுத்திப் படிக்கவைத்த வரி, காலையில் ஐந்து நிமிடம் தாங்காது என்பதுதான். நிக்கோட்டின் அடிமைத்தனத்தை அளக்கும் வினாத்தாளில் அதிக மதிப்பெண் உள்ள கேள்விகளில் இதுவும் ஒன்று. ஐந்து நிமிடத்துக்குள் என்பவருக்கு அதில் முழு மதிப்பெண் விழும். 12 வெள்ளிக் கருவியை இரவோடு இரவாகச் செய்துவிடத் துடிக்கும் அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். உங்கள் கைத்திறன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கையை இயக்குவது இப்போது வேறொன்று.

சிகரெட்டை விட மேல்தானே என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் வேப்பில் அந்த அளவுக்கு இல்லை. நிக்கோட்டின் வேப், நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளில், சிகரெட்டைக் கைவிடுவதற்கு வேப் கூடுதலாக உதவியதாகவும் தெரிகிறது. ஆனால் அந்தப் பயன், சிகரெட்டை முழுமையாக விட்டவர்களுக்கு உரியது. நீங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறீர்கள். அப்பாவின் சிகரெட் பெட்டி பக்கத்தில் இருக்கும்வரை அந்த ஒப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. அம்மாவின் இழுப்புக்கு இரண்டும் கெடுதல்தான்.

உங்கள் ஊர்ச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் பதிவுக் கட்டணம். புகைப்பதை நிறுத்தும் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று முகப்பில் கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஜோம்குயிட் இணையத்தளத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். வேப் இழுப்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் அளவுக்குப் பழக்கம் ஊறியவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டையையும் 4 மில்லிகிராம் சூயிங்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல பலன் தரும்; உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அங்குள்ள மருத்துவர் பரிசோதித்துச் சொல்வார். முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கடை மூடியிருக்கும் நேரத்தில் வெறி எழுந்தால் பத்து நிமிடம் கையை வேறொரு வேலையில் வையுங்கள். ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். தம்பியும் இழுக்கிறானென்றால் அவனையும் அழைத்துப் போங்கள். தண்டிப்பதற்காக அல்ல, சிகிச்சைக்காகத்தான் அங்கே பார்ப்பார்கள். நண்பர் உங்களிடம் சொல்லச் சொன்னது ஒன்று உண்டு: மின்னியல் மேல் இவ்வளவு ஆர்வம் இருந்தால் எரிசக்தி ஆணையத்தின் மின்கம்பியாளர் தகுதிச் சான்றுக்குப் படியுங்கள், பட்டறைச் சம்பளத்தை விட அது உயர்த்தும் என்றார்.

இனி அந்த டின். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். வீங்கியதோ, கசிந்ததோ, கையில் சூடாகத் தெரிவதோ இருந்தால் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்டுத் தரையில் மணலுக்குள் வைத்துவிட்டு விலகி இருங்கள். மற்றவற்றின் இரு முனைகளையும் மின்நாடாவால் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாகச் சுற்றி, உலர்ந்த அட்டைப் பெட்டியில், பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரி அழுத்தும்போது அவை தீப்பிடிக்கும். சுற்றுச்சூழல் துறையின் மின்கழிவுச் சேகரிப்பு மையம் எது அருகில் என்று கேட்டு, அடுத்த முறை பெரிய டவுனுக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள். அதற்குள் ஏதாவது ஒன்று வெடித்து யாருக்காவது சுட்டுவிட்டால், புண்ணில் ஒட்டாத உடையைக் களைந்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; உடனே 999ஐயும் அழையுங்கள். புண்ணில் பற்பசையோ கிச்சாப்போ தடவ வேண்டாம்.